வாடகை சும்மா வரும் காசா?

தன் இனத்தாரிடம் வட்டி வாங்கக்கூடாது என்றது யூத மரபு. இடைக்காலக் கிறிஸ்தவத் திருச்சபை வட்டியைப் பாவம் என்றது. இஸ்லாம் இன்றுவரை அதை விலக்கிவைத்திருக்கிறது. ஆனால் இந்த மூன்று மரபுகளும் வீட்டு வாடகையை அனுமதித்தன. ஒருவர் ஐந்து லட்சம் ரூபாயைக் கடனாகக் கொடுத்து மாதம் ஐயாயிரம் வாங்கினால் அது குற்றம். அதே பணத்தில் மொட்டை மாடியில் ஒரு போர்ஷன் கட்டி மாதம் ஐயாயிரம் வாங்கினால் குற்றமில்லை. இரண்டிலும் இருப்பவர் வாங்குகிறார், இல்லாதவர் உழைத்துக் கொடுக்கிறார். பிறகு வித்தியாசம் எங்கே இருக்கிறது?

பெரிய முதலாளிகளைவிட, கீழே தாங்கள் குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் சின்ன ஹவுஸ் ஓனர்களுக்குத்தான் இந்தக் கேள்வி நெருக்கமானது. அவர்கள் தினமும் குடித்தனக்காரர் முகத்தில் விழிக்கிறார்கள்.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறார்கள். கடன் கொடுத்தவருக்கு, வாங்கியவர் லாபம் பார்த்தாலும் நஷ்டப்பட்டாலும் பணம் வந்தாக வேண்டும். வீட்டை விட்டவர் அப்படியல்ல. வீடு இடிந்தால் நஷ்டம் அவருடையது. குடியிருக்க முடியாத நிலைக்கு வீடு போனால் வாடகையும் நின்றுவிடும். பாரத்தைச் சுமப்பவருக்கே பலன் என்பது அவர்களுடைய அடிப்படை விதி. ஒட்டோமான் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மெஜெல்லே என்ற சட்டநூல் இதை வீட்டு வாசல்வரை கொண்டுவருகிறது. வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பதும், தண்ணீர்க் குழாய்களைச் சரிசெய்வதும் உரிமையாளர் வேலை. அவர் மறுத்தால் குடியிருப்பவர் வெளியேறலாம்.

அதாவது, வாடகையை நியாயமாக்குவது சொத்துப் பத்திரம் அல்ல, பழுது பார்க்கும் கடமை.

அந்தக் கடமையும் பாரமும் இல்லாத இடத்தில் வட்டி என்ற பெயர் இல்லாமலேயே வட்டி நுழைந்துவிடும். தமிழ்நாட்டில் ‘லீஸ்’ என்றும் ‘போக்கியம்’ என்றும் சொல்லும் ஏற்பாட்டைப் பார்க்கலாம். பல லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் குடியிருப்பார்கள். காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பிவிடும். கொடுத்த பணம் கடன், குடியிருந்த சுகம் அந்தக் கடனுக்குக் கிடைத்த பலன், ஆகவே இது வட்டி என்று இஸ்லாமிய அறிஞர்களான உலமாக்களில் பலர் சொல்கிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் இதையே தலைகீழாகச் செய்கிறது. அங்கே குடித்தனக்காரர் ஹவுஸ் ஓனருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பணத்துக்குப் பொது அளவாக வைக்கிறது. பத்து மாதம் கேட்கும் பழக்கம் சென்னையை விட்டு இன்னும் போகவில்லை.

பழுது பார்க்கும் கடமையை யூத மரபும் சொல்கிறது. யூத அறிஞர்களான ரப்பிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது. அதில் வாடகை வீட்டைப் பற்றிய பகுதி இன்றைய அக்ரிமென்ட் போலவே இருக்கிறது. கதவு, தாழ்ப்பாள், பூட்டு, இன்னும் கைதேர்ந்த தொழிலாளி வந்து செய்யவேண்டிய எல்லா வேலையும் உரிமையாளர் பொறுப்பு. யாரும் செய்துகொள்ளக்கூடிய சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. மழைக்காலத்தில் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது. கோடையில் முப்பது நாள் முன்னதாகச் சொல்லவேண்டும். பெரிய ஊர்களில் எந்தப் பருவமானாலும் பன்னிரண்டு மாத அவகாசம். நகரத்தில் மாற்று வீடு கிடைப்பது எத்தனை கடினம் என்று அந்த ரப்பிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் இணைப்பில் உள்ள பட்டியலும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் பிரிகிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளருக்கு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், உடைந்த கண்ணாடி எல்லாம் குடியிருப்பவருக்கு. உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் குடித்தனக்காரர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கவும் வழி இருக்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சட்டங்கள், சுமார் 1,800 ஆண்டு இடைவெளியில், பொறுப்பை ஒரே மாதிரி பங்கிட்டிருக்கின்றன.

கொள்கையைச் சொல்வது சுலபம். கையில் காசு நிற்குமா என்று கேட்பவர்களுக்கு லண்டனின் ஆக்டேவியா ஹில் ஒரு விடை வைத்திருந்தார். 1865இல் மேரிலபோன் பகுதியில், பாரடைஸ் பிளேஸ் என்ற சந்தில், பாழடைந்த மூன்று வீடுகளை அவர் நிர்வகிக்கத் தொடங்கினார். பணம் போட்டவர் எழுத்தாளர் ஜான் ரஸ்கின். காந்தி 1904இல் தென்னாப்பிரிக்காவில் ரயிலில் படித்து வாழ்க்கையை மாற்றிக்கொண்ட நூலை எழுதியவர் அவர்தான். போட்ட பணத்துக்கு வருடம் ஐந்து சதவீதம் வரவேண்டும் என்று ரஸ்கின் விரும்பினார், வந்தது. ஹில் வாரந்தோறும் தானே நேரில் போய் வாடகை வாங்கினார். பாக்கி வைத்தால் தயவு காட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வருடப் பழுதுச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கினார். குடியிருப்பவர்கள் வீட்டைக் கவனமாக வைத்திருந்து அதில் மிச்சமானால், அவர்கள் கேட்ட வசதியை அந்தப் பணத்தில் செய்துகொடுத்தார். வாங்குவதிலும் கறார், செய்வதிலும் கறார்.

சின்ன ஹவுஸ் ஓனரின் கஷ்டம் பொய்யல்ல. வீட்டுக் கடன் தவணை, சொத்து வரி, குடிநீர் வரி, ஆறு மாதம் பாக்கி வைத்துவிட்டு நகராத குடித்தனக்காரர் என்று எல்லாமே உண்மை. வாடகையைக் கறாராகக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையை நியாயமாக்கும் பழுதுக் கடமைக்கு அரசே வழி விட்டிருக்கிறது. வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடும்போது, சொத்து வரி போக மீதியில் முப்பது சதவீதத்தை வருமான வரிச் சட்டம் தள்ளுபடி செய்கிறது. பழுது, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஈடாகக் கிடைக்கும் இந்தச் சலுகைக்கு ரசீது காட்டவேண்டியதில்லை. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதவருக்கும் கிடைக்கும். சட்டம் கேட்காத அந்த ரசீதை மனசாட்சி கேட்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வாடகை வாங்கியவர் அந்த மாதத்துக்கு வீட்டின் பயன்பாட்டை விற்றுவிட்டார். விற்றதற்குள் மறுபடி கைநீட்ட அவருக்கு உரிமையில்லை. சமையலறையில் மீன் வாசம் வருகிறதா, ஊரிலிருந்து எத்தனை பேர் வந்து தங்குகிறார்கள், குழந்தை மாடியில் ஓடுகிறதா என்பதெல்லாம் குடியிருப்பவர் வாழ்க்கை. மின் வாரியம் வீட்டு இணைப்புக்கு குறிப்பிட்ட அளவு யூனிட்டை இலவசமாகக் கொடுக்கும்போது, சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குவது வாடகையில் சேராது. குடித்தனக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் உடலைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்வது எந்த மதத்தின் அறத்திலும் சேராது. சாதியும் மதமும் விசாரித்துவிட்டு ‘வீடு இல்லை’ என்று திருப்பி அனுப்புவதும் அப்படித்தான். 2007இன் சென்னையில் முப்பது நாளுக்குள் வீடு தேடும் ஒரு குடும்பம் பட்ட அவமானங்களைச் செழியனின் ‘டூ லெட்’ படம் அப்படியே காட்டியது. தேசிய விருது பெற்ற அந்தப் படம் வெளியானது 2019 பிப்ரவரியில், புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே மாதத்தில். வாடகை வீட்டுக் கதவுகள் இன்னும் பலருக்கு மூடியே இருக்கின்றன.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில் இதுதான். வீட்டைப் பேணுகிறவர் வாங்குவது வாடகை. பேணாதவர் வாங்குவதற்கு மதநூல்கள் வேறு பெயர் வைத்திருக்கின்றன. ஹவுஸ் ஓனர்கள் இந்த மாத வாடகை வந்ததும் அதில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று முதலில் எடுத்துவைக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாடியில் ஏறி விரிசலைப் பார்த்து அடைக்கட்டும். கூரை ஒழுகி ஓர் அறை புழங்க முடியாமல் போன மாதத்துக்கு, குடியிருப்பவர் வாய்திறந்து கேட்பதற்கு முன்பே வாடகையைக் குறைத்து வாங்கட்டும்.