காக்கைக்குக் கிடைத்த மரியாதை

என் பேத்திக்கு இரண்டு வயது நிறைந்த புதிது. ஒரு நாள் காலை சமையலறை ஜன்னலில் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது. குழந்தை கையைத் தட்டிக்கொண்டு, "காக்கா வந்தாங்க!" என்றாள். வீடே சிரித்தது. என் மகள் அப்போது அவளுடைய மழலையைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தாள். எங்கள் சிரிப்பும் அந்தப் பதிவில் இருக்கிறது.

தாத்தா வந்தாங்க, பாட்டி வந்தாங்க, அப்பா வந்தாங்க என்று கேட்டுப் பழகிய குழந்தை, வருகிறவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லவேண்டும் என்று தானாகவே ஒரு விதி செய்துகொண்டாள். அந்த விதிப்படி காக்கைக்கும் மரியாதை கிடைத்தது. இதைப் பிழை என்பதா, பெருந்தன்மை என்பதா? அன்று இந்தக் கேள்வி எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

மழலைக்கு முன்னால் குழலும் யாழும் எம்மாத்திரம் என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். நாமும் அந்த இனிமையோடு நின்றுவிட்டோம். இனிமையைத் தாண்டி, அதற்குள் என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டவர்கள் சிலர் உண்டு. சார்லஸ் டார்வின் தம் மூத்த மகன் கைக்குழந்தையாக இருந்தபோது எழுதிவைத்த குறிப்புகளை 1877-இல் 'மைண்ட்' என்ற பத்திரிகையில் கட்டுரையாக வெளியிட்டார். ஆனால், எழுதுகிறவர் தமக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார். எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் கேட்கும் காது, டேப் ரிக்கார்டர் வந்த பிறகுதான் கிடைத்தது.

1962-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ரோஜர் பிரவுனும் அவருடைய மாணவர்களும் மூன்று குழந்தைகளின் பேச்சை அவரவர் வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஆடம், ஈவ், சாரா என்று அவர்களுக்குப் புனைபெயர் வைத்தார்கள். குழந்தை பேசியதை மட்டுமல்ல, தாய் பேசியதையும் ஒரு வரி விடாமல் எழுதி எடுத்தார்கள். அந்த உழைப்பிலிருந்து பிறந்த பிரவுனின் நூல் 1973-இல் வெளிவந்தது.

குழந்தை நம் பேச்சைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறது என்ற எண்ணம் அதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. 1958-இல் ஜீன் பெர்கோ என்ற பெண்மணி, உலகத்தில் இல்லாத ஒரு பிராணியைப் படமாக வரைந்து, அதற்கு 'வக்' என்று பெயர் வைத்தார். இரண்டு பிராணிகள் உள்ள படத்தைக் காட்டி, இவை என்ன என்று சிறுவர்களைக் கேட்டார். அவர்கள் தயங்காமல் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்துச் சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர்கள் முன்பு கேட்டிருக்கவே முடியாது. கேட்டது சொற்களை, செய்துகொண்டது விதியை. எங்கள் வீட்டுக் காக்கையும் இப்படித்தான் மரியாதை பெற்றது.

பிரவுனும் கமில் ஹான்லன் என்பவரும் அந்த ஒலிப்பதிவுகளில் இன்னொன்றைத் தேடினார்கள். குழந்தை பிழையாகப் பேசும்போது பெற்றோர் திருத்துகிறார்களா? 1970-இல் வெளியான அவர்கள் முடிவு வியப்பானது. பெற்றோர் இலக்கணத்தைக் கண்டிப்பது அபூர்வம், உண்மையைத்தான் கவனிக்கிறார்கள். தன் தாய் ஒரு பெண் என்று சொல்ல வந்த குழந்தை, ஆணுக்குரிய சொல்லைப் போட்டுச் சொன்னது. தாய் 'சரிதான்' என்று ஒப்புக்கொண்டாள். இன்னொரு குழந்தை இலக்கணம் வழுவாமல் ஒரு வாக்கியம் சொன்னது. செய்தி தவறு என்பதால் தாய் மறுத்தாள். இப்படி உண்மைக்காகவே திருத்தி வளர்க்கப்பட்ட பிள்ளை, பெரியவனானதும் இலக்கணம் பிசகாமல் பேசுகிறான். உண்மைதான் அவ்வளவாகப் பேசுவதில்லை என்று அவர்கள் வேடிக்கையாகக் குறித்தார்கள்.

படித்தபோது சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

தமிழ்க் குழந்தைகளின் பேச்சையும் இப்படிப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த உற்சாகத்தில் நானும் போன ஞாயிற்றுக்கிழமை மகளின் கைப்பேசியை வாங்கி, எட்டு மாதப் பதிவுகளை வரிசையாகக் கேட்டேன். 'காக்கா வந்தாங்க' எப்போது 'காக்கா வந்துச்சு' ஆயிற்று என்று கண்டுபிடிப்பதே என் ஆசை. கண்டுபிடித்தேன். யாரும் அவளைத் திருத்தவில்லை. ஒவ்வொரு முறையும் பாட்டி, "ஆமாண்டி கண்ணு, காக்கா வந்துச்சு" என்று பதில் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். பெற்றோர் கண்டிக்காவிட்டாலும், இப்படிச் சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்வது உண்டு என்று பிற்கால ஆராய்ச்சியாளர்களும் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால், நான் தேடாத ஒன்றும் அங்கே அகப்பட்டது.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க ஓர் அம்மாள் வருகிறார். அறுபதை நெருங்கும் வயது. குழந்தைக்கு அவர் 'ஆயா'. முதல் பதிவுகளில் அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது: "ஆயா வந்தாங்க!" கடைசிப் பதிவுகளில் அதே குரல், அதே உற்சாகம்: "ஆயா வந்துச்சு!" காக்கை எந்த விகுதிக்கு இறங்கியதோ, அதே விகுதிக்கு ஆயாவும் இறங்கிவிட்டார். தாத்தாவும் பாட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

யார் கற்றுக்கொடுத்தது? பதிவைப் பின்னோக்கி ஓட்டினேன். குழந்தையின் மழலைக்குப் பின்னால், கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது: "ஆயா வந்துச்சா? காப்பித் தம்ளர் இங்கேயே கிடக்குதே!" அந்தக் குரல் என்னுடையது.

மனைவியிடம் சொன்னேன். "பாசத்தில் சொல்வதுதானே! நம் குழந்தையைக்கூடத்தான் 'தூங்குச்சு', 'சாப்பிட்டுச்சு' என்கிறோம்" என்றாள். அதுவும் உண்மைதான். நம் மொழியில் அஃறிணை விகுதிக்குள் அன்பும் ஒளிந்திருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சோதனை தோன்றியது. அந்த ஆயா அதே பாசத்தோடு என்னைப்பற்றி, "தாத்தா வந்துச்சு" என்று சொன்னால் நான் பொறுத்துக்கொள்வேனா? மாட்டேன். ஒரு பக்கம் மட்டும் ஓடுகிற பாசத்துக்கு வேறு பெயர் உண்டு.

ஏற்றத்தாழ்வைக் கண்டித்து எத்தனையோ கதைகளில் எழுதியிருக்கிறேன். பேத்திக்கு, 'பெரியவர்களை மதிக்கவேண்டும்' என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன். காக்கையைக் குயில் என்றால் உடனே திருத்தினேன். நான் திருத்தியதையெல்லாம் அவள் கேட்டாளோ இல்லையோ, நான் திருத்தாமல் பேசியதையெல்லாம் கேட்டு விதியாக்கிக்கொண்டாள். இலக்கணத்தைக் கற்கிற வழியும் ஒழுக்கத்தைக் கற்கிற வழியும் குழந்தைக்கு ஒன்றேதானோ? உபதேசத்தைத் தாண்டி, உபதேசம் இல்லாத நேரத்துப் பேச்சிலிருந்துதான் அது இரண்டையும் எடுத்துக்கொள்கிறது போலும்.

அப்படியானால் பிரவுனும் ஹான்லனும் வேடிக்கையாகச் சொன்னதில் எனக்குப் புதிர் இல்லை. உண்மை பேசு என்று குழந்தைக்குச் சொல்கிறோம். இலக்கணத்தையோ நாம் சொல்வதே இல்லை, நாள் முழுவதும் கடைப்பிடிக்கிறோம். கடைப்பிடித்தது குழந்தையிடம் போய்ச் சேர்கிறது. சொன்னது நம்மிடமே நின்றுவிடுகிறது.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. நான் எழுந்து போய்த் திறந்தேன். உள்ளே திரும்பி, சற்று உரக்கவே, "ஆயா வந்தாங்க" என்றேன். நாக்கு ஒருமுறை தடுக்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

பேத்தி விளையாட்டை நிறுத்திவிட்டு என் அருகில் வந்தாள். "வந்தாங்க இல்ல தாத்தா, வந்துச்சு!" என்று திருத்தினாள்.

அவளுக்கு நான் இன்னும் எத்தனை நாள் 'வந்தாங்க' என்று சொல்லிக்காட்ட வேண்டியிருக்குமோ, தெரியாது. கெடுத்ததற்கு எட்டு மாதம் ஆயிற்று.