திருநாள் கடையில் செலவழியும் பணம் வீணா?



செப்ரெம்பர் மாதம் பிறந்துவிட்டால் மட்டக்களப்புக் கத்தோலிக்கரின் பார்வை படுவான்கரையை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆயித்தியமலை சதா சகாய அன்னையின் திருநாள் நெருங்குகிறது. வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு வழியாக, வயல்வெளிகளை ஊடறுத்துச் செபமாலை சொல்லிக்கொண்டு நடப்போர் ஒருபுறம். உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்துப் பிள்ளைகுட்டிகளோடும் சோற்றுப் பொதிகளோடும் புறப்படுவோர் மறுபுறம். வாவியை நம்பி வாழும் மீனவனுக்கும் நாட்கூலிக்கு மண்வெட்டி பிடிப்பவனுக்கும் குடும்பமாக வீட்டை விட்டு வெளியே போகும் நாள் ஆண்டில் இது ஒன்றாகவே இருக்கும். நம் இந்துச் சகோதரருக்கு மாமாங்கத்து ஆடி அமாவாசையும் கொக்கட்டிச்சோலைத் தேரும் அப்படிப்பட்ட நாள்களே. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போனவர்கள் மண்முனைத் துறையில் 'பாதை' ஏறியே வாவியைக் கடந்தார்கள். அந்தப் பாதைப் பயணமே பிள்ளைகளுக்குப் பாதித் திருவிழாவாக இருந்தது.

எந்தத் தலமானாலும் வெளியே உள்ள கடைத்தெரு ஒன்றுதான். கச்சான், சோளப்பொரி, தும்பு முட்டாஸ், ஐஸ்பழம், மணிக்கடை வளையல், பலூன், சாவி கொடுத்தால் ஓடும் கார். இந்தக் கடைத்தெருவைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், திருநாளுக்கு முந்திய ஞாயிறன்று பிரசங்கத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். நீங்கள் போவது அன்னையிடம், கச்சான் கடைக்கல்ல. வியர்வை சிந்தி உழைத்த காசைக் கடைத்தெருவில் கரைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள் என்றேன். நல்ல பிரசங்கம் என்று பலர் பாராட்டினார்கள். எனக்கும் திருப்தியாகவே இருந்தது.

திருநாள் முடிந்த வாரத்தில் ஒரு தாய் பங்குமனைக்கு வந்தார். "பாதர், நீங்க சொன்னபடி நான் ஒண்டும் வாங்கிக் குடுக்கல்ல. சின்னவன் ஒரு கார் கேட்டான். இல்லையெண்டு சொன்னன். அவன் அழவும் இல்ல. வீடு வந்து சேருமட்டும் ஒரு வார்த்தை பேசல்ல. நான் செய்தது சரிதானா, பாதர்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சிக்கனத்தைப் பற்றி நான் படித்தவை எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் அந்தப் பிள்ளையின் மௌனத்துக்கு அவற்றுள் ஒன்றும் விடையாக அமையவில்லை.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். உண்மையில் அது பெரிய கேள்வி. ஏழைக்கு மகிழ்ச்சிக்காகச் செலவிட உரிமை உண்டா? வசதியுள்ளவர் பிள்ளைகளோடு பாசிக்குடா ஹோட்டலில் ஒருநாள் தங்கி வந்தால் அதை ஓய்வு என்கிறோம். கூலிக்காரன் கச்சான் சரையோடு திரும்பி வந்தால் அதை ஊதாரித்தனம் என்கிறோம். செலவு இரண்டு, அளவுகோலும் இரண்டு. இந்த அநீதிக்கு என் பிரசங்கமும் துணை போயிருக்கிறது.

திருமறை என்ன சொல்கிறது? இணைச்சட்டம் என்னும் உபாகம நூலின் பதினான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். விளைச்சலில் பத்திலொரு பங்கைத் திருத்தலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வழி தொலைவாக இருந்தால் அதை விற்றுப் பணமாக்கிக்கொண்டு போகலாம். அங்கே அந்தப் பணத்தை என்ன செய்வது? மனம் விரும்புவதை வாங்கிக் குடும்பத்தோடு ஆண்டவர் திருமுன் உண்டு மகிழும்படி சட்டமே கட்டளையிடுகிறது. காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பட்டினியாகத் திரும்பும்படி அது சொல்லவில்லை. அதே அதிகாரம் இன்னொன்றையும் சொல்கிறது. ஒவ்வொரு மூன்றாம் ஆண்டும் அந்தப் பத்திலொரு பங்கு ஊரிலேயே சேர்த்து வைக்கப்பட வேண்டும். லேவியரும் அந்நியரும் அநாதைகளும் விதவைகளும் அதை உண்டு நிறைவடைய வேண்டும். மகிழ்ச்சியையும் தர்மத்தையும் ஒரே சட்டம் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறது. நாமோ தர்மத்தைப் போதிக்கும்போது மகிழ்ச்சியை மறந்துவிடுகிறோம்.

நாசரேத்துக் குடும்பமும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போய் வந்தது. திரும்பும்போது மகன் கூட்டத்தில்தான் இருப்பான் என்று எண்ணிப் பெற்றோர் ஒருநாள் வழி நடந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். பிள்ளைகள் உறவினரோடு சேர்ந்து கலகலப்பாக நடந்த யாத்திரை அது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றியும் ஆராய்கிறார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டும். உள்ளம் களைத்தால் அதற்கு ஓய்வு விளையாட்டும் களிப்புமே என்கிறார். புனித அருளப்பர் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறலடைந்தார்களாம். வில்லை ஓயாமல் வளைத்தால் அது முறிந்துவிடும், மனமும் அப்படியே என்று அவர் விளக்கிய பழங்கதையையும் எடுத்துக் காட்டுகிறார். அதோடு நிற்கவில்லை. தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக இருப்பது குற்றமே என்று அந்த மகான் எழுதியிருக்கிறார். அன்றைய என் பிரசங்கத்தை இந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்படியானால் கண்டபடி செலவழிக்கலாமா என்று கேட்பீர்கள். இல்லை. அக்குவினாஸ் வரம்புகளும் வகுத்திருக்கிறார். களிப்பு இழிவானதாகவோ தீங்கு விளைப்பதாகவோ இருக்கலாகாது. மனிதன் நிலை தவறலாகாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். நம் ஊருக்கு இதை இப்படிச் சொல்லலாம். கையில் உள்ள காசில் கச்சான் வாங்குவது களிப்பு. திருநாளுக்கென்று நுண்கடன் எடுத்து, பிறகு வாரந்தோறும் கடன்காரர் வரும் நாளில் மனைவியை வாசலில் பதில் சொல்ல விடுவது கொடுமை. பிள்ளைக்குக் கார் இல்லை என்று சொல்லிவிட்டுத் தகப்பன் சாராயத்துக்குக் காசு கண்டுபிடிப்பது அதைவிடக் கொடுமை.

இன்னொரு சோதனையும் உண்டு. அன்று எல்லோருமே மகிழ்ந்தார்களா? விடியுமுன் எழுந்து சோறு சமைத்துப் பொதி கட்டியவள் தாய். பைகளைச் சுமந்தவளும் கைக்குழந்தையைத் தூக்கியவளும் எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தவளும் அவளே. பிள்ளைக்குப் பலூன், தகப்பனுக்கு வெற்றிலை, அவளுக்கு? அன்று பங்குமனைக்கு வந்த தாயிடம், உங்களுக்கென்று ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

ஜேர்மன் தத்துவ ஆசிரியர் யோசப் பீப்பர் 1963ஆம் ஆண்டு திருவிழாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வாழ்வு நல்லது, இறைவன் படைத்த இந்த உலகம் நல்லது என்று மனிதன் முழு மனத்தோடு சொல்லும் 'ஆம்' என்பதே விழாவின் உயிர் என்பது அவர் கருத்து. அந்த 'ஆம்' நம் மக்கள் வாயில் எளிதாக வரக்கூடியதல்ல. யுத்த காலத்தில் வவுணதீவுச் சோதனைச் சாவடியைத் தாண்டிய ஒவ்வொரு பயணமும் பயத்தோடுதான் நடந்தது. 2004 மார்கழியில் கடல் வந்தது. 2007இல் படுவான்கரை மக்கள் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்துக்குச் சென்ற குடும்பங்கள் பல தம் பிள்ளைகளை இழந்தன. 2022இல் பொருள்களின் விலை ஏறியபோது ஒரு சரை கச்சானுக்குக்கூட யோசிக்க நேர்ந்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறான் என்றால், அதை வீண்செலவு என்று ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே, அந்தத் தாய்க்கு நான் அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன். அம்மா, நீங்கள் குற்றம் செய்யவில்லை. நான் சொன்னதைக் கேட்டீர்கள். பிழை என்னுடையது.

வாசகரே, இந்த முறை அன்னையிடம் போகும்போது முதலில் செபியுங்கள். திருப்பலியில் பக்தியோடு பங்குபற்றுங்கள். பிறகு பிள்ளையின் கையில் உங்களால் இயன்ற காசைக் கொடுத்து, "இவ்வளவுதான் இருக்கிறது, உனக்குப் பிடித்ததை நீயே வாங்கு" என்று சொல்லுங்கள். அளவறிந்து செலவிட அவன் அங்கேயே பழகிக்கொள்வான். பக்கத்து வீட்டு விதவையின் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். பைகளைச் சற்று நேரம் நீங்கள் சுமந்துகொண்டு, பிள்ளைகளின் தாயை மணிக்கடைப் பக்கம் அனுப்பி வையுங்கள்.

கடையில் காசு போதாமல் ஒரு பிள்ளை நிற்பதைக் கண்டால், பங்குச் சாமியாரையும் கூப்பிடுங்கள். அவருக்கு ஒரு கார் கடன் இருக்கிறது.