துக்கம் கேட்க வருபவர்கள்

விடிகிறது. பால் பாக்கெட்டின் முனையை வெட்டுகிறேன். அந்தச் சின்னச் சத்தத்துக்கு யாரும் எழுந்து வரவில்லை.

*

வாசற்படியில் கால் சற்று அகலமாக எட்டு வைக்கிறது. கருப்பன் படுக்கும் இடம். தரை வெறுமையாக இருக்கிறது. கால் இன்னும் நம்பவில்லை.

*

நாற்காலிக்கு அடியில் கொஞ்சம் கறுத்த முடி. உள்ளங்கையில் வைக்கிறேன். எடையே இல்லை.

துடைப்பம் ஓரமாக நிற்கிறது.

*

மனிதர் இறந்த வீட்டுக்கு முறை உண்டு. பந்தல் போடுகிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பதினாறாம் நாள் என்று ஒன்று இருக்கிறது.

கருப்பனுக்கு இவை இல்லை. காலையில் வேலைக்குப் போகிறேன்.

*

"நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

ஒருவர் அன்பாகத்தான் சொல்கிறார். கேட்டுக்கொள்கிறேன். எங்கும் தங்காமல் போகிறது.

*

சாயங்காலம். டீக்கடை.

"எங்க தம்பி, கருப்பனைக் காணோம்?"

சொல்கிறேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கை நிற்கிறது. பழக்கத்தில் ஜாடியைத் திறக்கிறார். தினமும் அவனுக்குப் போடுகிற பொறை. எடுத்து, என் கையில் வைக்கிறார். வேறு பேச்சில்லை.

பெஞ்சில் இருக்கிற ஆட்டோக்காரர் தன் சின்ன வயதில் வளர்த்த ஆட்டைப் பற்றிச் சொல்கிறார். அதன் பெயர் அவருக்கு நினைவிருக்கிறது.

டீ சூடாக இருக்கிறது. தொண்டை வழியே மெல்ல இறங்குகிறது.

*

மதுரைப் பக்கத்து ஊர்களில் ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் ஊரே கூடுகிறது. மாலை போடுகிறார்கள், வேட்டி போர்த்துகிறார்கள். பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்து மாடுதானே என்பதில்லை.

அது பெரிய கொடுப்பினை.

*

ஊரிலிருந்து அத்தை பேசுகிறாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"எங்கடா பொதைச்சீங்க?"

இதை வேறு யாரும் கேட்கவில்லை.

"வேப்பமரத்தடியில, அத்தை."

"நல்ல எடந்தான்."

இருவரும் பேசவில்லை. அவள் போனை வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் கோழிகள் கொக்கரிக்கின்றன. யாரோ வாளியை வைக்கிறார்கள்.

*

அழுகை வருகிறது. இருக்கிறது. போகிறது.

*

பழைய நாட்குறிப்பில் அவன் பெயரை எழுதுகிறேன். வெறும் பெயர். மை காய்கிற வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர். அங்கே ஒரு நடுகல், 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலம். எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. கல்லில் அவனோடு அவன் நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் இருந்த நாய். எழுத்து வெட்டியவர்கள் அதன் பெயரையும் விடவில்லை. கோவிவன்.