சொறியாதே!

"சொறியாதேடா!"

பக்கத்து வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்கிற குரல் இது. பையனுக்கு ஐந்து வயசு. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். கையில் சாக்ஸ் மாட்டித்தான் தூங்கவைக்கிறார்கள். ஆனாலும் விடிந்து பார்த்தால் தலையணை உறையில் ரத்தம்.

"சொன்ன பேச்சைக் கேக்கறதே இல்ல சார்" என்கிறார் அவன் அம்மா.

கொசு கடித்த இடத்தைச் சொறியாமல் எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? நான் இருந்து பார்த்தேன். ஒன்றரை நிமிஷம்! தூக்கத்தில் தானாகப் போகிற கையை 'அடங்காத பிள்ளை' என்று சொல்வது என்ன நியாயம்?

அந்த அம்மாவும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்கிறார். "மாசமா இருந்தப்போ கத்திரிக்கா தின்னியா?" என்று மாமியாரின் விசாரணை. ஃபிலாக்ரின் என்ற புரதம்தான் தோலுக்கு வேலி. அதற்கான மரபணுவில் பழுது இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழுது மாமியார் வழியிலேயே வந்திருக்கலாம். யார் போய்ச் சொல்வது?

நேற்று பையனிடம் கேட்டேன். "அம்மா திட்டினா என்னடா பண்ணுவே?"

"சாக்ஸைக் கழட்டிட்டு போர்வைக்குள்ள சொறிவேன் மாமா. சத்தம் வராம."