கண்ட எண்ணும் வேண்டிய எண்ணும்

உயிர்வேதியியல் பயிலும் இளங்கலை மாணவன் ஆய்வுக்கூடத்தில் முதலில் எதிர்கொள்வது ஓர் அறச்சிக்கலே. நொதியின் வேகத்தை அளக்கிறான். பாடநூல் கூறும் எண் வரவில்லை. கண்ட எண்ணை எழுதுவதா? மதிப்பெண் பெற்றுத் தரும் எண்ணை எழுதுவதா?

அறிவியற்பணிக்குப் பட்டம் வேண்டும். பட்டத்திற்கு மதிப்பெண் வேண்டும். இதனை மறுப்பார் இலர். ஆயினும், வெப்பநிலை சற்று மாறினும், கரைசலின் அமிலத்தன்மை பிறழினும் நொதியின் வேகம் மாறும். எண்ணைத் திருத்துபவன் அக்காரணத்தை அறியும் வாய்ப்பையே இழக்கிறான்.

கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் பயின்ற பிரெடரிக் சாங்கர், இன்சுலினைச் சிறுசிறு துண்டுகளாக உடைத்து, அவற்றைப் பொருத்திப் பார்த்தே அதன் 51 அமினோ அமிலங்களின் வரிசையைக் கண்டறிந்தார். 1955இல் நிறைவுற்ற அப்பணிக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. ஒரு துண்டை விருப்பம்போல் எழுதியிருப்பின் முழு வரிசையும் பிழைபட்டிருக்கும். 1958இல் அவரை நாடி வந்த நோபல் பரிசு, வேறொரு பணிக்காக 1980இல் மீண்டும் வந்தது.

மாணவனை மட்டும் குறை கூறுதல் முறையன்று. பிழைத்த எண்ணை மறைக்காது எழுதி, அதன் காரணத்தை ஆராய்ந்தவனுக்கும் மதிப்பெண் வழங்குவது ஆசிரியர் கடன். வாய்மைக்கு மதிப்பெண் இல்லாத வகுப்பில் அறிவியல் வளராது.