அம்மா வேண்டிக்கிட்டா பிள்ளை மொட்டை போடணுமா?



இன்னைக்கு கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒண்ணு எழுதப் போறேன். நம்ம வீடுகள்ல இது பெருசா பேச்சுக்கு வராது, வந்தா சண்டையிலதான் முடியும். பிள்ளைக்காக அம்மா ஒரு வேண்டுதல் வைக்கிறாங்க. மொட்டை, காது குத்து, பால்குடம், காவடி, சில வீட்ல அலகு வரைக்கும். வேண்டினது அம்மா. செலுத்த வேண்டியது பிள்ளையோட தலையும் தோளும். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை "எனக்கு வேண்டாம்மா"ன்னு சொன்னா, அந்தக் கடன் யாருடையது?

ரெண்டு பிள்ளைகளோட அம்மாவா இருந்து இதை எழுதறேன். படிக்கிற உங்கள்ல பல பேர் இந்தக் கேள்வியோட மறுபக்கத்துல இருப்பீங்க. உங்களுக்கே தெரியாம, உங்க பேர்ல ஏதோ ஒரு மலைக்கோயில்ல ஒரு பாக்கி நிக்கலாம்.

முதல்ல அம்மா பக்கம். வேண்டுதல் எப்ப வருதுன்னு பாருங்க. பிள்ளை நல்லா ஓடி ஆடிக்கிட்டு இருக்கும்போது யாரும் மொட்டை வேண்டறதில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு காய்ச்சல் 104-ஐத் தொடும். மருந்து கொடுத்தாச்சு, ஈரத்துணி போட்டாச்சு, ஆட்டோவுக்கு போன் பண்ணியாச்சு. இனி கையால செய்ய ஒண்ணும் மிச்சமில்லன்னு ஆகும்போது வாய் தானா சொல்லும்: "முருகா, பிள்ளையைக் காப்பாத்திக் கொடு, பழனிக்கு வந்து முடி எடுக்கிறோம்." மஞ்சள் துணியில ஒரு ரூபாய முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வைப்பாங்க. இதைப் பாத்து சிரிக்கிறவங்க அப்படி ஒரு ராத்திரி முழிச்சிருந்தது கிடையாதுன்னுதான் நான் நினைப்பேன்.

அதோட, கைக்குழந்தை விஷயத்துல எல்லா முடிவும் நாமதானே எடுக்கிறோம்? தடுப்பூசிக்கு குழந்தை கத்துது, சம்மதம் கேட்டா போடறோம்? பேர் வைக்கிறது, பால் மறக்கடிக்கிறது, எந்த மீடியத்துல சேக்கிறது, எதையும் கேக்கறதில்ல. தாய்மாமன் மடியில உக்கார வச்சு மொட்டை போட்டு காது குத்துறதும் அந்த வரிசைதான். அழும். அப்புறம் சந்தனம் பூசின தலையைத் தடவிப் பாத்துட்டு சிரிக்கும். அதுல எனக்கு எந்த உறுத்தலும் இல்ல. அலகு வேற விஷயம். திரும்ப வளர்ற முடியும் துளைபடற தோலும் ஒண்ணில்ல. பிள்ளை பேர்ல அதை மட்டும் யாரும் வேண்டிக்கவே கூடாதுங்கறது என் அபிப்பிராயம்.

சிக்கல் பதிமூணு பதினாலு வயசுல வருது.

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. பையன் குறைமாசத்துல பிறந்து இன்குபேட்டர்ல கிடந்தவன். அப்ப பழனிக்கு மூணு மொட்டைன்னு வேண்டிக்கிட்டாங்க. ரெண்டு முடிஞ்சுது. மூணாவது தள்ளிப் போய்ப் போய், அவன் ஒன்பதாம் கிளாஸ் வந்துட்டான். முடியாதுன்னுட்டான். கிளாஸ்ல என்ன பட்டப்பேர் வைப்பாங்கன்னு அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அக்கா கெஞ்சினாங்க, அப்பா அதட்டினார், பாட்டி "சாமி குத்தம் ஆயிரும்டா"ன்னாங்க. அதுக்கப்புறம் அவன் தும்மினாக்கூட மூணாவது மொட்டைதான் காரணம். கணக்குல மார்க் குறைஞ்சதுக்கும் அதே காரணம். (கணக்குல அவன் முன்னாடியும் சுமார்தான்.)

அந்த பயம் பொய்யில்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தவணை தவறினா பிள்ளை மேல கை வைக்கிற கந்துவட்டிக்காரர் மாதிரி முருகனை நினைச்சா, அந்த ரெண்டு மணி ராத்திரியில நாம கூப்பிட்டது யாரை?

நம்ம வழக்கத்துலயே இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு இருக்கு. "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்"னு உங்களையும் வீட்ல கேலி பண்ணியிருப்பாங்க. அது வெறும் கேலி இல்ல. முன்னாடி பிறந்த குழந்தைகள் தங்காத வீட்ல, அடுத்த குழந்தையை சாமிக்குத் தத்துக் கொடுத்துட்டு, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்து திரும்ப வாங்கிக்குவாங்க. பிச்சை, குப்புங்கற பேரெல்லாம் அந்த பயத்துல இருந்து வந்ததுதான். முருகன் கோயில்கள்லயும் தத்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அங்க அம்மா தன் வாயால சொல்றது என்ன? இது என் பிள்ளை இல்ல, உன் பிள்ளை, நான் வளக்கிறேன், அவ்வளவுதான். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் அப்படித்தான். பெறல, பால் கொடுத்து வளத்தாங்க. பார்வதி வந்து ஆறு குழந்தைகளையும் சேத்து அணைச்சப்ப விட்டுக் கொடுத்தாங்க. அவங்களாலதான் அவருக்குக் கார்த்திகேயன்னு பேரு.

என் பிள்ளை இல்லன்னு தவிடு கொடுத்து வாங்கினவ, அதே பிள்ளையோட தலையை எப்படித் தன் பொருள் மாதிரி அடகு வைக்க முடியும்? எனக்கு இது ரொம்ப நாளா புரியாம இருந்துச்சு. இப்ப எனக்குப் படறது இதுதான்: வேண்டினவ அம்மா, கடனும் அம்மாவோடது. நம்ம பெண்கள் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்காங்களே, அது சுத்தமான வேண்டுதல். கேக்கிறதும் அவங்க, பட்டினி கிடக்கிறதும் அவங்க வயிறு.

"அப்ப பிள்ளைகிட்ட கேக்கவே கூடாதா?"ன்னு ஒரு தோழி கேட்டா. கேக்கலாம். ஆனா எப்படிக் கேக்கிறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு. நிறைய வீட்ல காரணமே சொல்றதில்ல. "ஞாயித்துக்கிழமை பழனி போறோம், மொட்டை"ன்னு தகவல் மாதிரி வரும். இன்னும் சில வீட்ல காரணம் சொல்வாங்க, ஆனா கழுத்துல சுருக்குப் போடற மாதிரி: "உன் உயிருக்காக அன்னைக்கு நான் அழுதேன், உன்னால இதுகூட முடியாதா?" இது முன்னதை விட மோசம்னு நினைக்கிறேன். அதட்டினா பிள்ளை திருப்பிக் கோபப்படலாம். அழுத அம்மாகிட்ட கோபப்படக்கூட அதுக்கு வழியில்ல. இல்லன்னு சொல்ல இடமில்லாம கேக்கிறது கேள்வியே இல்லையே.

மொட்டையோட இது நிக்கல. "நீ டாக்டர் ஆவேன்னு தாத்தா சாகும்போது சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்"னு ஒரு அம்மா சொல்றாங்க, பிள்ளை நீட் கோச்சிங்ல ரெண்டாவது வருஷம் உக்காந்திருக்கு. மஞ்சள் துணி மட்டும்தான் இல்ல, அதுவும் வேண்டுதல்தான். முடி மூணு மாசத்துல வளந்துரும், அந்த ரெண்டு வருஷம் எங்க வளரும்?

பழனிக் கதையை இந்தக் கண்ணோட ஒரு தடவை பாருங்க. கோவிச்சுக்கிட்டு மலையேறின பிள்ளையைத் தேடி அம்மாவும் அப்பாவும் வந்தாங்க, "பழம் நீ"ன்னு சமாதானம் சொன்னாங்க. பிள்ளை வீட்டுக்குத் திரும்பல. கையைப் பிடிச்சு இழுத்துட்டும் போகல அவங்க. ஆண்டிக் கோலத்துல நிக்கிற அந்த மொட்டைத்தலையும் அவரோட சொந்த முடிவு. அவர் பேர்ல யாரும் வேண்டிக்கிட்டது இல்ல.

அந்த அக்கா என்ன பண்ணாங்கன்னு கேப்பீங்க. பையனுக்கு அந்த இன்குபேட்டர் நாட்களை ஒரு நாள் சாதாரணமா, காய் நறுக்கிக்கிட்டே சொன்னாங்களாம். மொட்டைப் பேச்சே எடுக்கல. அவனும் எடுக்கல. தைப்பூசக் கூட்டம் குறைஞ்சதும் குடும்பமா பழனி போனாங்க. அக்காதான் முடி கொடுத்தாங்க, பூ முடி இல்ல, முழு மொட்டை. 2021-ல இருந்து அறநிலையத்துறை கோயில்கள்ல அதுக்குக் கட்டணம் கிடையாது. அம்மா சந்தனத் தலையோட வெளிய வந்ததும் அவன் கொஞ்ச நேரம் எதுவும் பேசலையாம். பையைத் தோள்ல போட்டுக்கிட்டு 693 படியும் அவங்க கூடவே ஏறியிருக்கான், தலையில முடியோட.

பாட்டி மட்டும் இன்னும் கணக்கை முடிக்கல. "கல்யாணத்துக்கு முன்னாடியாவது ஒண்ணு போட்டுரணும்டா"ன்னு போன வாரம்கூட என் முன்னாலயே சொன்னாங்க. அவன் ஹெட்போனை மாட்டிக்கிட்டான்.