பசுவின் வயிறு அறிந்த அறம்

பனமலைக் குன்றின் மேல், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. கீழே ஏரியும் மானாவாரிக் கொல்லைகளும். இந்தச் செஞ்சிச் சுற்றுவட்டார மாடுகள் வைக்கோலையும் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொடியையும் வரப்புப் புல்லையும் தின்று வளர்பவை. மாட்டுப் பொங்கலன்று அவற்றைக் குளிப்பாட்டிக் குங்குமமிட்டு, பொங்கலும் பழமும் ஊட்டிக் கும்பிடுகிறோம். அந்த ஊட்டே மாட்டைக் கிடையில் தள்ளிவிட்டால் அதை அறம் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன். ஈகையின் பாதி ஈபவரின் மனத்தில் இருக்கிறது என்றால், மீதிப் பாதி உண்ணும் உயிரின் வயிற்றில் இருக்கிறது.

அந்த வயிறு நம்முடையதைப் போன்றதல்ல. பசுவின் நான்கு அறை இரைப்பையில் முதல் அறையான பெருவயிறு, கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைக்கும் பானை. மாடு தின்பது புல். அதை மாட்டுக்கு உணவாக்கித் தருபவை அந்த நுண்ணுயிர்களே. சோறு திடீரென்று மிகுதியாக உள்ளே போனால், மாவுச்சத்து விரைந்து புளித்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. அசைபோடுவது நின்று வயிறு உப்புகிறது. முற்றினால் மாடு படுத்து எழாமலே போகும். உயிர் பிழைத்தாலும் பாலில் கொழுப்புக் குறையும், குளம்பு நோகும். குதிரைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளுக்குச் சோற்றோடு இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்ததாக மார்க்கோ போலோ எழுதினார். அந்நாட்டு அரசன் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியும் மிஞ்சியவை சொற்பமே என்றார். வெயிலுக்கும் அதில் பங்கிருக்கும். ஆனால் அரசன் அருமையாக வளர்த்த விலங்கு, அவன் பாசத்தோடு கொடுத்த தீனியாலும் நலிந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியவில்லை.

மனம் தூயதாக இருந்தால் போதாதா என்று பக்தர் கேட்பார். பசுவுக்கு ஒரு வாயுறை கொடுப்பதையும் அறமாகச் சொன்னவர் திருமூலர். எவராலும் இயலும் எளிய அறம் என்று காட்டவே அவர் அதைச் சொன்னார். தீவன அளவு சொல்ல வரவில்லை. ஆயினும் அவர் மனத்தில் இருந்தது ஒரு வாய்தான், அண்டா அல்ல. தூய மனம் எதிரே நிற்கும் உயிரைக் கவனிக்காமல் இருக்காது. கவனிக்காத அன்பு தன்னையே கும்பிட்டுக்கொள்கிறது. மாடு ஆசையாகத் தின்கிறதே என்பது இன்னொரு வாதம். மாட்டின் நாக்கு இனிப்பை அறியும், நாளைய அமிலத்தை அறியாது. அதை அறியக்கூடியவர் ஊட்டுபவர் மட்டுமே, ஆகவே பொறுப்பும் அவருடையதே. தாத்தா காலத்தில் ஊட்டவில்லையா என்ற கேள்விக்குத்தான் நிதானமான பதில் தேவை. அன்று பல வீடுகளில் அரிசிச்சோறே அரிது. மாட்டுக்குக் கிடைத்தது கைப்பிடிதான். 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அதைக் கஞ்சியாக்கித் தினமும் தொட்டியில் ஊற்றுவது பல தொழுவங்களில் பழக்கமாகிவிட்டது. சடங்கு பழையதுதான், அளவு புதியது. பொங்கலைத் தொட்டு வாயில் வைத்து, கற்பூரம் காட்டி, ஒரு கட்டு மல்லாட்டைக் கொடியை முன்னால் போட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அந்தப் பழைய சடங்கில் ஒன்றும் குறைவதில்லை.